சிற்றிலை நுனி இல்லாத தாள்

ஹெர்பேரியத்தில், அதாவது செடிகளை அழுத்தி உலர்த்தித் தாளில் ஒட்டிவைக்கும் சேகரிப்பில், அக்ரோஸ்டிகம் என்ற கடலோரப் பெரணிப் பேரினத்தின் பெயர் எழுதிய உறையைத் திறந்தால் பெரும்பாலும் ஒரு முழுச் செடி இருக்காது; ஒரு செடியின் நடுத்துண்டுதான் இருக்கும். தடித்த காம்பு கொஞ்சம், அதில் தோல் போன்ற நான்கைந்து சிற்றிலைகள். தாளுக்குள் அடங்க வேண்டுமே என்று அவற்றின் நுனிகளை வெட்டியிருப்பார்கள். லேபிளில் ஒரு சிற்றினப் பெயர், 'கடற்கரைச் சதுப்பு' என்று ஒரு குறிப்பு, ஒரு தேதி. இந்தப் பெரணிகளில் பெயரைத் தீர்மானிப்பதே அந்த நுனிதான். அதை வெட்டி எறிந்த பிறகு, மிச்சமிருப்பது பேரினம் வரைக்கும்தான் சாட்சி சொல்லும்.

ஒரு கடலோரப் பெரணி அரிதா இல்லையா என்ற கேள்விக்கு இந்தத் தாள்களை எண்ணித்தான் பதில் சொல்கிறோம். ஆகவே தாளில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்பதைப் பார்க்காமல் லேபிளை மட்டும் எண்ணுவது ஆபத்தான வேலை. பதிவு எடுப்பவரும் பதிவைப் படிப்பவரும் கவனிக்க வேண்டியவற்றை இங்கே எழுதுகிறேன். உதாரணம் முழுக்க அக்ரோஸ்டிகம்தான். ஆனால் உப்புநீர் எட்டும் இடத்தில் வளரும் வேறு எந்தப் பெரணிக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

மூன்று சிற்றினங்கள், ஒரே தோற்றம்

அக்ரோஸ்டிகத்தில் பரவலாக ஏற்கப்படுபவை மூன்று. 1753-இல் லின்னேயஸ் பெயரிட்ட அக்ரோஸ்டிகம் ஆரியம் வெப்பமண்டலக் கடற்கரைகள் எங்கும் உண்டு. அக்ரோஸ்டிகம் ஸ்பீசியோசம் ஆசிய வெப்பமண்டலத்திலும் வட ஆஸ்திரேலியாவிலும் பசிபிக் பகுதியிலும் வளர்கிறது. அக்ரோஸ்டிகம் டேனியிஃபோலியம் அமெரிக்க வெப்பமண்டலத்துக்கு உரியது. மூன்றுமே ஆள் உயரமோ அதற்கு மேலோ கிளம்பக்கூடிய புதர்கள். ஸ்போரகங்கள் (ஸ்போர் எனும் இனப்பெருக்கத் தூள் உருவாகும் நுண்பைகள்) தனித்தனிப் புள்ளிகளாகவோ கோடுகளாகவோ இருக்காது. சிற்றிலையின் அடிப்பக்கம் முழுவதும் துருநிறத் தூள் அப்பியது போல மூடியிருக்கும். நரம்புகள் வலைபோலப் பின்னியிருக்கும். அந்தக் கண்ணிகளுக்குள் தனி நரம்பு நீட்டிக்கொண்டிருக்காது. இவ்வளவு பார்த்தாலே அக்ரோஸ்டிகம் என்று சொல்லிவிடலாம்.

எந்தச் சிற்றினம் என்பதுதான் சிக்கல். ஆரியத்தின் நடுச் சிற்றிலைகளுடைய நுனி மழுங்கியோ வெட்டினாற்போலவோ முடிந்து, நடுவில் சின்ன முள்போல ஒரு முனை துருத்தும். ஸ்பீசியோசத்தில் நுனி படிப்படியாகக் குறுகிக் கூராக முடியும். செடியும் பொதுவாகச் சிறியது. டேனியிஃபோலியத்தை ஆரியத்திலிருந்து பிரிக்க வேறு இடத்தைப் பார்க்க வேண்டும். ஆரியத்தில் ஸ்போர் தாங்குவது இலையின் மேற்பகுதியில் உள்ள சில ஜோடிச் சிற்றிலைகள் மட்டுமே. கீழே உள்ளவை வெறும் பச்சை. டேனியிஃபோலியத்தின் ஸ்போர் தாங்கும் இலையில் ஏறக்குறைய எல்லாச் சிற்றிலைகளும் ஸ்போர் தாங்கும். அதன் சிற்றிலைகள் நெருக்கமாக, ஒன்றன்மேல் ஒன்று படிகிற அளவுக்கு அடுக்கியிருக்கும். ஆரியத்தில் இடைவெளி தெரியும்.

இதில் கவனிக்க வேண்டியது, எந்த அடையாளமும் எல்லாத் துண்டிலும் கிடைக்காது என்பது. நுனி வடிவத்தை நடுச் சிற்றிலையில்தான் பார்க்க வேண்டும். இலையின் உச்சியில் இருக்கும் குட்டிச் சிற்றிலைகள் ஆரியத்திலும் குறுகலாகவே இருக்கும்; அவற்றைப் பார்த்து ஸ்பீசியோசம் என்று எழுதிய தாள்கள் கிடைக்கும். பூச்சி கடித்தோ வெயிலில் கருகியோ போன நுனி இன்னொரு பொறி: கூர்நுனி உதிர்ந்து போனால் மழுங்கியதுபோலத் தெரியும். ஸ்போர் தாங்கும் ஜோடிகள் எத்தனை என்பது முழு இலையைப் பார்த்தவருக்குத்தான் தெரியும். தாளில் ஒட்டிய ஒரு ஜோடி அதைச் சொல்லாது. சின்னச் செடியின் ஸ்போரற்ற இலையை மட்டும் வைத்துச் சிற்றினம் எழுதாமல் இருப்பதே நல்லது.

அரிது என்பதும் இடத்துக்கு இடம் மாறும். உலக அளவில் ஆரியம் ஆபத்தில் இருக்கும் செடியே அல்ல. காடழிந்த சதுப்பில் களைபோலப் பெருகும். ஆனால் அதன் வடக்கு எல்லையான ஃபுளோரிடாவில் அதை அச்சுறுத்தலுக்கு உள்ளானதாகப் பட்டியலிட்டிருக்கிறார்கள். அங்கே பரவலாக இருப்பது டேனியிஃபோலியம். அரிதானதும் சாதாரணமானதும் ஒரே கரையில், ஒரே தோற்றத்தில். அப்படிப்பட்ட இடத்தில் ஒரு தாளின் பெயர் தவறினால், அரிய செடி இல்லாத இடத்தில் இருப்பதாகவும், இருக்கும் இடத்தில் இல்லாததாகவும் கணக்கு போய்விடும்.

பெரிய செடிக்குப் பதிவு குறைவு

இன்னொரு கோணல் உண்டு. ஹெர்பேரியம் தாள் சுமார் 42 செ.மீ. நீளமும் 29 செ.மீ. அகலமும் கொண்டது. இரண்டு மீட்டர் இலையை யாரும் விரும்பி அழுத்துவதில்லை. முழங்கால் சேறு, வேர்கள், ஏறிவரும் ஓதம் (கடல்நீர் ஏற்றம்), கையில் ஏற்கெனவே நிறைந்த பை. கண்ணில் பட்டாலும் கடந்துபோய்விடுவார்கள். அதனால் ஊரெல்லாம் நிற்கும் ஒரு பெரிய பெரணிக்கு அலமாரியில் ஆறு தாள், பாறை இடுக்கில் வளரும் விரலளவுப் பெரணிக்கு அறுபது தாள் என்று இருப்பது சாதாரணம். தாள் குறைவு என்பதால் செடி அரிது என்று முடிவுகட்டும் முன், அதே கரையில் அதே சேகரிப்பாளர்கள் வேறு பெரிய செடிகளை எடுத்திருக்கிறார்களா என்று பாருங்கள். நீர்த்தென்னை போன்ற பெரிய ஓலைச் செடிகளும் பதிவில் குறைவாக இருந்தால், அங்கே குறைந்தது செடியல்ல, சேகரிப்பு.

எடுக்கும் முறை

முதலில் எடுக்கலாமா என்று தீர்மானிக்க வேண்டும். அலையாத்திக் காடுகள் பல நாடுகளில் பாதுகாக்கப்பட்டவை. எழுத்துமூல அனுமதி கையில் இல்லாமல் கத்தியை எடுக்கக்கூடாது. அனுமதி இருந்தாலும், களத்தில் பலர் பின்பற்றும் இருபதுக்கு ஒன்று என்ற அளவைக் கடைப்பிடிக்கலாம்: இருபது செடிகளுக்குக் குறைவாக இருந்தால் ஒன்றையும் பிடுங்குவதில்லை. அக்ரோஸ்டிகத்தில் முழுச்செடியைப் பிடுங்கத் தேவையே இல்லை. புதரில் பல இலைகள் இருக்கும்; முதிர்ந்த ஸ்போர் தாங்கும் இலை ஒன்றை வெட்டினால் செடி பிழைத்துக்கொள்ளும். மட்டத்தண்டைத் தொட வேண்டாம். அடிக்காம்போடு ஒட்டிவரும் செதில்கள் போதும். ஐந்தாறு புதர்களே உள்ள இடமாக இருந்தால் ஒரே ஒரு நடுச் சிற்றிலையும் ஸ்போர் தாங்கும் சிற்றிலை ஒன்றும் எடுத்து, மீதியைப் படமாகப் பதிவுசெய்தாலும் செல்லுபடியாகும் பதிவுதான்.

வெட்டுவதற்கு முன் அளந்துவிட வேண்டும். வெட்டிய பிறகு அளக்கலாம் என்று விட்டால் சேற்றில் இழுபட்டு நுனி ஒடிந்திருக்கும். இலையின் மொத்த நீளம், அதில் வெறும் காம்பின் நீளம், சிற்றிலை எத்தனை ஜோடி, உச்சியிலிருந்து எத்தனை ஜோடி ஸ்போர் தாங்குகிறது, நடுப்பகுதியில் அடுத்தடுத்த இரண்டு சிற்றிலைகளுக்கு இடையே எத்தனை செ.மீ., புதரின் உயரம், புதரில் எத்தனை இலைகள். இந்த ஏழு அளவும் ஐந்து நிமிட வேலை. தாளில் ஒட்டவே முடியாத தகவல்கள் இவை. எழுதாவிட்டால் போயே போய்விடும். சுருள் விரியாத இளம் இலையின் நிறத்தையும் எழுதிவையுங்கள், காய்ந்தபின் அது தெரியாது.

பிறகு இலையை மூன்று துண்டாக எடுக்கலாம். ஒன்று, அடிக்காம்பு 15 முதல் 20 செ.மீ.; செதில்களும், குறுகிப்போன சிற்றிலைகளின் எச்சமாகக் காம்பில் நிற்கும் கருத்த முட்களும் அதில் இருக்கும். இரண்டு, இலையின் நடுவிலிருந்து ஒரு ஜோடிச் சிற்றிலை, நுனி வரை முழுதாக, நடுக்காம்போடு சேர்த்து. மூன்று, உச்சிப்பகுதி; ஸ்போர் தாங்கும் சிற்றிலையும் ஸ்போரற்ற சிற்றிலையும் சந்திக்கும் இடம் அதில் வந்தால் மிக நல்லது. அந்த எல்லை இருக்கும் ஒரு துண்டு, அடையாளத்துக்குப் பத்து நடுத்துண்டுகளுக்குச் சமம். ஒவ்வொரு துண்டிலும் ஒரே சேகரிப்பு எண்ணையும் '3-இல் 1', '3-இல் 2' என்ற குறிப்பையும் அட்டைச் சீட்டில் பென்சிலால் எழுதிக் கட்டுங்கள். பேனா மை உப்புநீரில் கரையும்.

நடுச் சிற்றிலை 30, 40 செ.மீ. நீளம் இருக்கலாம். தாளில் மூலைவிட்டமாக வைத்தால் அடங்கும். அதிலும் நீளமாக இருந்தால் நடுவில் வெட்டி இரண்டு பாதியையும் ஒட்டுங்கள். மடிப்பது மற்றப் பெரணிகளுக்குச் சரி. இந்தத் தோல்தடிப்பு காய்ந்தபின் மடிப்பிலேயே முறியும். எப்படி வெட்டினாலும் நுனிப்பாதியை மட்டும் எறியக்கூடாது.

உப்பு, சேறு, பூசணம்

அலையாத்திச் செடிகளை அழுத்துவதில் பெரும்பாலோர் தவறுவது உப்பில். சிற்றிலையின் மேலும் காம்பின் இடுக்கிலும் படிந்த உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். அழுத்தும்போது நன்றாகக் காய்ந்ததுபோலத் தெரிந்த தாள், ஈரப்பதம் ஏறும் மாதத்தில் மெத்தென்று ஆகும்; பிறகு பூசணம். ஆகவே ஸ்போரற்ற துண்டுகளையும் அடிக்காம்பையும் நன்னீரில் இருமுறை அலசி, துணியில் ஒற்றி எடுத்த பிறகே அழுத்த வேண்டும். ஸ்போர் தாங்கும் சிற்றிலையை நீரில் முக்க வேண்டாம். மேற்பக்கத்தை மட்டும் ஈரத்துணியால் துடைத்தால் போதும். அடிக்காம்புச் செதில்களைத் தேய்க்காமல் சேற்றை மென்தூரிகையால் எடுங்கள்.

காம்பு விரல் தடிப்பு இருக்கும், உள்ளே நீர் நிறைந்திருக்கும். அதை அப்படியே அழுத்தினால் சிற்றிலை காய்ந்து ஒரு வாரம் ஆனபிறகும் காம்பு ஈரமாகவே கிடந்து உள்ளிருந்து கருக்கும். நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, தட்டையான பக்கம் தாளில் படும்படி வையுங்கள். செதில் உள்ள பக்கம் மேலே வரட்டும். காம்பு தடித்தும் சிற்றிலை மெலிந்தும் இருப்பதால் அழுத்தம் சமமாகப் பரவாது, சிற்றிலை ஓரங்கள் சுருளும். மடித்த செய்தித்தாளையோ மெல்லிய நுரைப்பட்டையையோ சிற்றிலைகளின் மேல் வைத்து மட்டத்தைச் சரிசெய்தால் தட்டையாக வரும்.

முதல் மூன்று நான்கு நாட்கள் ஒற்றுத்தாளைத் தினமும் மாற்ற வேண்டும், முதல் நாள் இரண்டு முறை. உலர்த்தும் பெட்டி இருந்தால் 40 முதல் 50 டிகிரி செல்சியஸ் போதும். அவசரப்பட்டுச் சூட்டை ஏற்றினால் பச்சை பழுப்பாகிவிடும், தடித்த சிற்றிலை நொறுங்கும். சூட்டைவிடக் காற்றோட்டமே காய வைக்கிறது. நெளியட்டைகளை இடையிடையே, அவற்றின் குழாய்கள் காற்று வரும் திசைக்கு நேராக இருக்கும்படி வையுங்கள்.

ஸ்போர் தாங்கும் துண்டுக்குத் தனிக் கவனம் வேண்டும். ஸ்போரகங்கள் காயும்போதுதான் வெடிக்கும். பழுப்புத் தூள் அழுத்தும் பலகைகளுக்கு இடையே எங்கும் பரவி அடுத்த மாதிரியில் ஒட்டும். பின்னாளில் ஒருவர் நுண்ணோக்கியில் ஸ்போரைப் பார்த்து அளந்தால் அது பக்கத்துத் தாளின் ஸ்போராக இருக்கலாம். அந்தச் சிற்றிலையை மட்டும் வெள்ளைத்தாள் மடிப்புக்குள் வைத்து அழுத்துங்கள். மடிப்பில் கொட்டிய தூளை ஒரு சின்னக் காகிதப் பொட்டலத்தில் சேகரித்து அதே எண்ணை எழுதி, ஒட்டும்போது தாளின் மேல்மூலையில் உறையாக வைத்துவிடலாம்.

உலர்த்த வசதியில்லாத களத்தில் செய்தித்தாளோடு பாலித்தீன் பையிலிட்டு 60, 70 சதவீத ஆல்கஹால் ஊற்றி மூடி வைப்பது பழைய முறை. பல நாட்கள் தாங்கும். ஆனால் நிறம் போகும், டிஎன்ஏ பெரும்பாலும் கெடும். அந்த வழியில் போவதானால் ஆல்கஹால் ஊற்றும் முன்பே ஸ்போரற்ற சிற்றிலையிலிருந்து சில சதுர செ.மீ. கிழித்து, சிலிக்கா ஜெல்லில் போட்டுவிடுங்கள். எடையில் இலைக்குப் பத்து மடங்கு ஜெல். தோல்தடிப்பு இலையைச் சிறு துண்டுகளாகக் கிழித்தால்தான் ஒரு நாளுக்குள் காயும். மெல்ல மெல்லக் காய்ந்தால் டிஎன்ஏ சிதையும். ஜெல்லின் நிறம் மாறினால் உடனே புதியதை மாற்ற வேண்டும். நீல நிறத்தில் வருவதில் கோபால்ட் குளோரைடு இருக்கும், அது நச்சு. ஆரஞ்சு நிறத்தது மேல்.

ஒட்டும்போது ஒரு விதியை மறக்க வேண்டாம். ஜோடிச் சிற்றிலையில் ஒன்று மேற்பக்கத்தையும் ஒன்று அடிப்பக்கத்தையும் காட்ட வேண்டும். தடித்த காம்பைப் பசை தாங்காது, நூலால் தைத்துவிடுங்கள். தாள் அமிலமற்றதாக இருக்கட்டும். அலமாரிக்குள் போகும் முன் பாலித்தீனில் காற்றுப்புகாமல் கட்டி, கழித்தல் 30 டிகிரியில் மூன்று நாள், அல்லது கழித்தல் 20 டிகிரியில் இரண்டு வாரம் உறையவைத்தால் சிகரெட் வண்டு போன்றவை சாகும். வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்காமல் ஒரு நாள் விடுங்கள்; உடனே பிரித்தால் குளிர்ந்த தாளின்மேல் நீர் படியும். பழைய தாள்களைக் கையாளும்போது கையுறை போட்டுக்கொள்ள வேண்டும். பூச்சிக்காக மெர்குரிக் குளோரைடு பூசிய காலம் ஒன்று இருந்தது. அந்த நஞ்சு இன்னமும் தாளில் இருக்கும்.

லேபிளில் ஓதம் இருக்க வேண்டும்

கடலோரச் செடியின் லேபிளில் 'உயரம்: 0 மீ.' என்று எழுதுவதால் பயனில்லை. எல்லாமே பூஜ்யம்தான். செடி ஓதத்தோடு எந்த நிலையில் நிற்கிறது என்பதுதான் வேண்டிய தகவல். தினசரி ஓதம் எட்டுகிறதா, அமாவாசை பௌர்ணமியை ஒட்டிய பெரிய ஓதம் மட்டும் எட்டுகிறதா, எப்போதாவதுதான் நனைகிறதா? ஓடைக்கரையிலிருந்து எத்தனை மீட்டர்? நிலப்பக்க விளிம்பா, நடுவா, கடல்பக்கமா? ஆரியம் பொதுவாக நிலப்பக்கத்தில், அடிக்கடி நனையாத மேட்டில், வெட்டவெளியில் வளரும். ஸ்பீசியோசம் அதைவிட அடிக்கடி நீர் ஏறும் இடத்திலும் நிழலிலும் நிற்கும். அதனால் இந்த ஒரு வரி வாழிடக் குறிப்பு மட்டுமல்ல. நுனி உடைந்த தாளுக்கு அது துணைச்சாட்சி. தனியாக அதை வைத்துப் பெயர் சூட்டிவிட முடியாது, ஆனால் பெயரைச் சந்தேகிக்கப் போதும்.

ஒளிவிலகல்மானி இருந்தால் வேர்ப்பகுதிக் குழியில் ஊறும் நீரின் உப்பளவை ஆயிரத்துக்கு எத்தனை என்று எழுதலாம். அளந்த நேரத்தையும், அதற்கு முன் மழை பெய்ததா என்பதையும் சேர்த்து எழுதினால்தான் அந்த எண்ணுக்குப் பொருள். கூட வளர்பவற்றை 'அலையாத்தி மரங்கள்' என்று பொத்தாம்பொதுவாக எழுதாமல், பெயரோடு எழுதுங்கள்: வெண்கண்டலா, சுரபுன்னையா, தில்லையா, கழுதைமுள்ளியா. தில்லையும் கழுதைமுள்ளியும் சேர்ந்து நின்றால் படிப்பவருக்கு இடம் கண்முன் வந்துவிடும்.

எத்தனை புதர்கள், எவ்வளவு பரப்பில், எத்தனையில் ஸ்போர் தாங்கும் இலை இருந்தது, குட்டிச்செடிகள் தெரிந்தனவா என்பதையும் எழுத வேண்டும். 'நிறைய' என்ற சொல்லை ஐம்பது ஆண்டு கழித்து ஒருவர் எதோடும் ஒப்பிட முடியாது. '40 மீட்டர் கரையில் 12 புதர், 3-இல் ஸ்போர், குட்டி இல்லை' என்றிருந்தால் அதே இடத்துக்குப் போய் எண்ணிப் பார்க்கலாம். தேடியும் கிடைக்காத பக்கத்து ஓடைகளின் பெயரைக் களக்குறிப்பேட்டில் எழுதிவைத்தால் அதுவும் பதிவுதான். ஹெர்பேரியத்தில் இல்லாமைக்குத் தாள் கிடையாது. குறிப்பேடு மட்டுமே அதைச் சொல்லும்.

தேதியில் மாதத்தை எழுத்தாலோ ரோமன் எண்ணாலோ எழுதுங்கள். 5/6/11 என்பது ஒருவருக்கு ஜூன், இன்னொருவருக்கு மே, நூற்றாண்டும் தெரியாது. அட்சரேகை தீர்க்கரேகையோடு டபிள்யூஜிஎஸ் 84 என்ற அடித்தளத்தையும் (எந்தப் புவி மாதிரியை வைத்து அந்த எண்கள் கணக்கிடப்பட்டன என்பதை), பிழை எத்தனை மீட்டர் என்பதையும் குறிக்க வேண்டும். அடர்ந்த கிளைகளுக்கு அடியில் ஜிபிஎஸ் காட்டும் பிழை வெட்டவெளியில் காட்டுவதைவிடக் கூடும்.

பழைய பெயர், பழைய இடம்

பழைய தாள்களையும் தரவுத்தளங்களையும் தேடும்போது முதலில் தடுக்குவது பேரினப் பெயரே. 18, 19-ஆம் நூற்றாண்டுகளில் அடிப்பக்கம் முழுக்க ஸ்போரகம் பரவியதுபோலத் தெரிந்த பெரணி எதுவானாலும் அக்ரோஸ்டிகம் என்று போட்டார்கள். இன்று வூட்சியா இல்வென்சிஸ் என்று நாம் சொல்லும் குளிர்நாட்டுப் பாறைப் பெரணிகூட லின்னேயஸ் கையில் அக்ரோஸ்டிகம்தான். மான்கொம்புப் பெரணியான பிளாட்டிசீரியம் பைஃபர்கேட்டம் முதலில் அக்ரோஸ்டிகம் பைஃபர்கேட்டம். போல்பிட்டிஸ், எலாஃபோகிளாசம் போன்ற பேரினங்களிலும் அங்கிருந்து பிரிந்து வந்தவை உண்டு. ஆகவே மலைக்காட்டில் அக்ரோஸ்டிகம் என்ற பழைய பதிவைக் கண்டால் அதிசயிக்க வேண்டாம், தாளைப் பாருங்கள். மறுபுறம், நமது பெரணியே கிரைசோடியம் ஆரியம் என்ற பெயரிலும், அக்ரோஸ்டிகம் இனிகுவாலே என்ற பெயரிலும் வேறு உறைகளில் கிடக்கலாம். மூன்று பெயர்களிலும் தேடாமல் பட்டியல் முழுமை ஆகாது.

அடுத்தது இடம். பழைய லேபிளில் துறைமுகத்தின் பெயர் மட்டும் இருந்தால் அது எடுத்த இடமா, கப்பலேறிய இடமா என்று கேட்க வேண்டும். சேகரிப்பாளரின் எண் வரிசை இங்கே கைகொடுக்கும். அதே ஆளின் முந்தைய எண்ணும் அடுத்த எண்ணும் எங்கே, எந்த நாளில் எடுக்கப்பட்டன என்று மற்றத் தாள்களில் பார்த்தால் அன்றைக்கு அவர் எங்கிருந்திருக்க முடியும் என்பது ஒரு வட்டத்துக்குள் வந்துவிடும். அந்த வட்டத்தின் மையத்தையும் ஆரத்தையும் பதிவுசெய்வதே நேர்மையான முறை. மையப்புள்ளியை மட்டும் எழுதி ஆரத்தை விட்டுவிட்டால், 15 கி.மீ. தோராயம் 10 மீட்டர் துல்லியமாக வேடம் போட்டுக்கொள்ளும்.

கடலோரச் செடியின் புள்ளி வரைபடத்தில் கடலுக்குள் விழுவது அடிக்கடி நடக்கும். காரணங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். முதலில் சந்தேகிக்க வேண்டியது முழுமையாக்கல்: அட்சரேகையில் ஒரு நிமிடம் சுமார் 1.85 கி.மீ., ஒரு விநாடி சுமார் 31 மீட்டர். நிமிடத்தோடு நிறுத்தியவர் செடியை ஓடையிலிருந்து கடலுக்குத் தள்ளிவிட்டிருப்பார். இரண்டாவது, 10 டிகிரி 30 நிமிடத்தை 10.30 என்று தட்டச்சு செய்வது. உண்மையில் அது 10.50, வித்தியாசம் 0.2 டிகிரி, அதாவது சுமார் 22 கி.மீ. மூன்றாவது, பழைய வரைபடத்தின் அடித்தளம் வேறாக இருப்பது. இதில் சில நூறு மீட்டர் நகரலாம். நான்காவதாக ஒன்று உண்டு, அதை அவசரப்பட்டுத் திருத்திவிடக்கூடாது: கரையே நகர்ந்திருக்கலாம். செடி நின்ற இடத்தைக் கடல் கொண்டுபோயிருந்தால் கடலுக்குள் விழும் புள்ளிதான் சரியான புள்ளி. பழைய கடல்வரைபடத்தோடு ஒப்பிடாமல் அதை நிலத்துக்கு இழுத்துவைத்தால், அழிந்துபோன ஒரு கூட்டத்தை உயிரோடு இருப்பதாக எழுதிவிடுவோம்.

இரட்டைத் தாள்களையும் கழிக்க வேண்டும். ஒரே இலையின் மூன்று துண்டுகள் மூன்று ஹெர்பேரியங்களுக்குப் போயிருந்தால், ஜிபிஐஎஃப் போன்ற உலகளாவிய உயிரினப் பதிவுத் தரவுத்தளத்தில் மூன்று பதிவுகளாக வரும். சேகரிப்பாளர், எண், தேதி மூன்றும் ஒத்தால் அது ஒரே சேகரிப்பு. மூன்று ஹெர்பேரியங்களும் மூன்று விதமாக இடத்தைக் கணித்திருந்தால் மூன்று இடங்களில் இருப்பதாகக்கூடத் தெரியும். பெயரையும் ஒரு ஹெர்பேரியத்தில் மட்டும் திருத்தியிருப்பார்கள். இரட்டைகளைச் சேர்த்துப் பார்ப்பதில் ஒரு லாபமும் உண்டு: நுனி இல்லாத துண்டு இங்கே இருந்தால், நுனியுள்ள துண்டு அங்கே இருக்கலாம்.

ஒரு தவறான தாள் எவ்வளவு கெடுக்கும் என்பதற்கு ஒரு கணக்கு. 60 கி.மீ. நீளக் கரையில், 3 கி.மீ. அகலத்துக்குள் மட்டும் ஒரு பெரணி இருப்பதாக வைத்துக்கொள்வோம். வெளிப்புள்ளிகளைச் சுற்றிக் கோடு போட்டால் பரவல் பரப்பு சுமார் 180 சதுர கி.மீ. இப்போது உள்நாட்டில் 200 கி.மீ. தள்ளி, பெயர் தவறிய ஒரு பதிவு சேர்கிறது. முக்கோணத்தின் பரப்பு: 60 பெருக்கல் 200, அதில் பாதி, 6,000 சதுர கி.மீ. ஐயுசிஎன் (பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம்) அளவுகோலில் பரவல் பரப்பு 5,000-க்குக் கீழ் இருந்தால் அழிநிலை வகைக்கான வரம்பு, 20,000-க்குக் கீழ் என்றால் அதைவிட ஒரு படி குறைந்த அபாய வகைக்கான வரம்பு. வேறு நிபந்தனைகளும் பொருந்த வேண்டும் என்றாலும், இந்த ஒரு தாளே செடியை ஒரு படி பாதுகாப்பானதாகக் காட்டிவிட்டது. இரண்டு கி.மீ. கட்டங்களாக எண்ணும் வாழ்பரப்புக் கணக்கில் அதே தவறு வெறும் 4 சதுர கி.மீ.தான் கூட்டும். இரண்டு கணக்கும் ஒன்றோடொன்று பொருந்தாமல் துருத்தினால் வெளியோரத்துத் தாள்களை முதலில் எடுத்துப் பாருங்கள்.

இடத்தை வெளியிடுவதில் எச்சரிக்கை வேண்டும். சில புதர்களே உள்ள கூட்டத்தின் துல்லியமான இடம் பொதுத்தளத்தில் இருந்தால் தோண்டி எடுத்துப்போக ஆள் வரும். 0.1 டிகிரிக்கு மழுக்கி வெளியிடலாம், அது சுமார் 11 கி.மீ.; ஆனால் மழுக்கியிருக்கிறோம் என்பதையும், பிழை எத்தனை மீட்டர் என்பதையும் அதற்குரிய கட்டத்தில் எழுதியே ஆக வேண்டும். இல்லாவிட்டால் மழுக்கிய புள்ளியை நிஜமென்று நம்பி ஒருவர் வெறும் உப்பளத்தில் தேடிவிட்டு, செடி அழிந்துவிட்டதென்று எழுதுவார். தாளிலும் உள்தரவிலும் முழுத் துல்லியம் அப்படியே இருக்கட்டும்.

கடைசியாக மறு அடையாளச் சீட்டு. பழைய லேபிளைக் கிழிக்கவோ அடிக்கவோ கூடாது. தவறான பெயரும் அந்தத் தாளின் வரலாறு. புதிய சீட்டில் பெயர், அடையாளம் கண்டவர், தேதி மூன்றும் வழக்கமாக இருக்கும். அதோடு எதைப் பார்த்து அந்தப் பெயரைத் தந்தீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள்: 'நடுச் சிற்றிலைகளின் நுனி மழுங்கி முள்முனையோடு, லேபிளின்படி மேல் 6 ஜோடி மட்டும் ஸ்போர் தாங்கியவை.' அந்த வரி இருந்தால் அடுத்து வருபவர் உங்களோடு உடன்படவோ மறுக்கவோ முடியும். நுனி வெட்டுப்பட்ட தாளானால் அதையும் அப்படியே எழுதலாம்: 'அக்ரோஸ்டிகம், சிற்றினம் உறுதியில்லை, சிற்றிலை நுனிகள் இல்லை, ஸ்போர் தாங்கும் பகுதி இல்லை, இரட்டைத் தாளைப் பார்க்கவும்.'